எலக்ட்ரிக் சைக்கிளா, மடக்கு சைக்கிளா, பழைய சைக்கிளில் மோட்டார் கிட்டா, சின்ன ஸ்கூட்டரா? நகரத்துக்குள் வேலைக்குப் போக எது சரி

போன மாதம் என் சித்தி பெண் கூப்பிட்டாள். பெரம்பூரில் வாடகை வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வேலை எழும்பூரில். ஓட்டேரி, புரசைவாக்கம் வழியாக ஒரு பக்கம் ஆறு கிலோமீட்டர். பஸ்ஸுக்கு நின்று அலுத்துவிட்டது, பெட்ரோல் வண்டி வேண்டாம், லைசென்ஸும் இல்லை. "அண்ணா, ஒரு கடையில ஒரு சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர் போகும்ங்கறாங்க. இன்னொரு கடையில மடக்கி வெச்சுக்கலாம்ங்கறாங்க. எதை வாங்கறதுன்னே புரியலை" என்றாள்.

மூன்று வருடமாக மடிப்பாக்கத்திலிருந்து தரமணிக்கு எலக்ட்ரிக் சைக்கிளில் போய் வருபவன் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கிலோமீட்டரில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது எடையிலிருந்து. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ராத்திரி அந்த வண்டி எங்கே நிற்கும்?

## எதையெல்லாம் வைத்து முடிவு செய்வது

நிறுத்தும் இடமும் தூக்கும் எடையும். கீழே பூட்டி வைக்கப் பத்திரமான இடம் இருந்தால் மாடிக்குப் போக வேண்டியது பேட்டரி மட்டும். அது இரண்டு மூன்று கிலோ, டிபன் பையோடு போய்விடும். இடம் இல்லையென்றால் முழு வண்டியும் தினமும் மேலே ஏறி இறங்க வேண்டும். இங்கே விற்கும் எலக்ட்ரிக் சைக்கிள்களில் பெரும்பாலானவை 20 கிலோவுக்கு மேல். கடைக்குப் போகும் முன் வீட்டுக்கு வந்திருக்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை உங்கள் மாடிக்கு ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அதையே காலையும் மாலையும் செய்ய முடியுமா என்று யோசியுங்கள். சிங்கப்பூரில் மிதித்து ஓட்டும் மின் சைக்கிள் 20 கிலோவைத் தாண்டினால் அனுமதியே இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. அதனால் எடையைப் பற்றிக் கடைக்காரரும் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

பேட்டரியின் உண்மையான கொள்ளளவு. 'அறுபது கிலோமீட்டர்' என்பது ஒல்லியான ஆள், சமதளம், மோட்டாரின் குறைந்த உதவி, நன்றாக மிதித்தல் எல்லாம் சேர்ந்து கிடைக்கும் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது வோல்ட், ஆம்பியர் ஹவர் இரண்டையும். இரண்டையும் பெருக்கினால் வாட் ஹவர், அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு. 36 வோல்ட், 7.8 ஆம்பியர் ஹவர் என்றால் சுமார் 280. கூடவே மிதித்துப் போனால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 வாட் ஹவர் செலவாகும். மிதிக்காமல் கைப்பிடியில் இருக்கும் த்ராட்டிலை மட்டும் திருகினால் 14, 15 ஆகும். அப்படியென்றால் அதே பேட்டரி மிதிப்பவருக்கு 28 கிலோமீட்டர், திருகுபவருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும். என் அனுபவமும் கிட்டத்தட்ட இதுதான்.

காற்று. சென்னையில் சைக்கிள் வாங்குபவர்கள் மேம்பாலத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்றால், எட்டு மீட்டர் உயரப் பாலம் ஏற இரண்டு மூன்று வாட் ஹவர்தான் ஆகும். சமதளத்தில் முன்னூறு மீட்டர் ஓடுகிற சார்ஜ், அவ்வளவே. பேட்டரியைத் தின்பது எதிர்காற்று. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், காற்றின் எதிர்ப்பு மூன்று மடங்காகும். கோடையில் காலையில் மேற்கிலிருந்து காற்று வரும், மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். நான் காலையில் கிழக்கே போய் மாலையில் மேற்கே திரும்புகிறேன், இரண்டு வேளையும் முதுகில் காற்று. திருவான்மியூரில் குடியிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவருக்கு அதே மே மாதத்தில் இரண்டு வேளையும் முகத்தில் அடிக்கும். அவர் பேட்டரியை ஒரு படி பெரிதாகவே எடுக்க வேண்டும்.

பழுது பார்க்க ஆள். உங்கள் தெருவில் இருக்கிற சைக்கிள் மெக்கானிக் தொடத் தயாரா? மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போனால் அதே ஊரில் கிடைக்குமா, கூரியரில் வர வேண்டுமா?

சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம். கீழே சொல்லும் நான்கும் இந்த வரம்புக்குள் வருபவை. ஹெல்மெட்டை மட்டும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. சாதாரண எலக்ட்ரிக் சைக்கிள்

26 அல்லது 27.5 அங்குலச் சக்கரம், பின் சக்கரத்தின் நடுவிலேயே பொருத்திய ஹப் மோட்டார், சுமார் 25,000 முதல் 45,000 ரூபாய். எடை 20 முதல் 26 கிலோ.

நகரத்துக்கு என்று யோசித்தால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பொருந்துகிறது. ஒரே காரணம், சார்ஜ் தீர்ந்தாலும் சைக்கிளாக ஓடும். கனமாக இருக்கும், ஆனால் வீடு வந்து சேரலாம். பெரிய சக்கரம் நம் சாலைப் பள்ளங்களைத் தாங்கும். மழைக்காலத்தில் இன்னொரு லாபமும் உண்டு. 26 அங்குலச் சக்கரத்தில் மோட்டார் இருக்கும் அச்சு தரையிலிருந்து ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே. மோட்டார் சாரலைத் தாங்கும், முங்கினால் தாங்காது. ஐப்பசி கார்த்திகையில் தெருவில் நிற்கும் தண்ணீரில் அந்தச் சில அங்குலம் பெரிய வித்தியாசம். எப்படியானாலும் தண்ணீர் அச்சைத் தொடும் என்று தோன்றினால் இறங்கி வேறு தெரு பாருங்கள்.

வாங்கும்போது மிதியை உணரும் சென்சார் என்ன வகை என்று கேளுங்கள். விலை குறைந்தவற்றில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். சிக்னலில் கிளம்பும்போது முதல் அரைச் சுற்று உங்கள் கால் பலத்தில்தான் போகும், பிறகு திடீரென்று தள்ளும். நெரிசலில் இதற்குப் பழக ஒரு வாரமாவது ஆகும். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அளக்கும் டார்க் சென்சார் இருந்தால் வண்டி உங்கள் காலோடு சேர்ந்து நகரும், சார்ஜும் மிச்சமாகும். விலை கூடும், கொடுக்கலாம்.

இனி பஞ்சர். ஹப் மோட்டார் உள்ள பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் வயரைப் பிரிக்க வேண்டும், அச்சு நட்டுக்குப் பெரிய ஸ்பானர் வேண்டும். முதல் தடவை கைவேலி பக்கம் பஞ்சர் ஆனபோது கடைக்கார அண்ணன் வயரைப் பார்த்துவிட்டு, "சார், கரன்ட் வண்டி, நான் கை வைக்கல" என்று சொல்லிவிட்டார். கெஞ்சிக் கேட்டபிறகு ஒரு வழி சொன்னார். சக்கரத்தைக் கழற்றாமலே வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, ட்யூபைப் பாதி வெளியே இழுத்தார். தண்ணீர்ச் சட்டியை எடுத்து ட்யூபுக்கு அடியில் பிடித்து, குமிழி வந்த இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டினார். பத்தே நிமிடம். அன்றிலிருந்து எந்தக் கடையில் நின்றாலும், "வீலைக் கழட்ட வேணாம்ண்ணே" என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்யூபையே மாற்ற வேண்டி வந்தால் மட்டும் கழற்றியாக வேண்டும். அதற்காகப் பையில் ஒரு 18 எம்எம் ஸ்பானர் கிடக்கிறது. உங்கள் வண்டி நட்டின் அளவை வாங்கும் அன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: விளம்பர விலையில் பெரும்பாலும் மட்கார்டு, கேரியர், நல்ல பூட்டு வராது. நல்ல பூட்டுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். புடவை, துப்பட்டா, வேட்டி உடுத்துபவர்கள் செயின் கவர் இருப்பதையும், நடுவில் தாழ்வாக வளைந்த பிரேம் கிடைப்பதையும் பார்த்து வாங்குங்கள். பின்னால் மாற்ற முடியாத விஷயங்கள் அவை.

15, 16 கிலோவில் வரும் உண்மையான லேசான மின் சைக்கிள்களும் உலகில் உண்டு. இங்கே அவற்றின் விலை லட்சத்தைத் தொடும் அல்லது தாண்டும், உதிரி பாகம் கிடைப்பதும் சிரமம்.

## 2. மடக்கு எலக்ட்ரிக் சைக்கிள்

20 அங்குலச் சக்கரம், சுமார் 35,000 முதல் 55,000 ரூபாய்.

மடக்கலாம் என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மடக்கினால் இடம் குறையும், எடை குறையாது. கீல், பூட்டு எல்லாம் சேர்ந்து சில மாடல்கள் சாதாரண வண்டியைவிடக் கூடுதலாகவே இருக்கும். நான்கு அங்குலக் கொழுத்த டயர் போட்ட மடக்கு வண்டியைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். அதை மடக்கிக் கையில் எடுத்து ஒரு மாடி ஏறிப் பாருங்கள், ஆசை அங்கேயே அடங்கும்.

யாருக்குப் பொருந்தும்? ஆபீஸில் மேசைக்குக் கீழே வைக்க விடுகிறார்கள், வீட்டிலும் லிஃப்ட் இருக்கிறது, வெளியே நிறுத்தினால் திருட்டுப் பயம் என்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போய் நகர எல்லையில் இறங்கி ஓட்டுபவர்களுக்கும் சரி. மெட்ரோவில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற எண்ணத்தில் வாங்குவதாக இருந்தால், மடக்கிய அளவையும் எடையையும் எழுதிக்கொண்டு போய் நீங்கள் தினமும் ஏறும் நிலையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அவர்கள் சரியென்றாலும் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் 22 கிலோவைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்தான்.

சின்னச் சக்கரத்துக்குப் பள்ளம் பெரிதாகத் தெரியும். அச்சு பத்து அங்குல உயரத்தில்தான் இருக்கிறது, மழைத் தண்ணீரில் முதலில் முங்குவதும் இதுவே. கீல் பூட்டு நாளடைவில் தளரும். மாதம் ஒருமுறை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஓடும்போது அது விட்டுக்கொடுத்தால் விழுவது முகத்தில். இந்தக் கவனிப்புக்கு நேரமில்லை என்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

## 3. இருக்கும் சைக்கிளில் கிட் மாட்டுவது

மோட்டார் சக்கரம், கன்ட்ரோலர், த்ராட்டில், பெடல் சென்சார், மோட்டாரை நிறுத்தும் பிரேக் லீவர், பேட்டரி எல்லாம் சேர்த்து 12,000 முதல் 25,000 வரை ஆகும். நல்ல அலுமினிய கியர் சைக்கிள் 14, 15 கிலோவில் வீட்டில் சும்மா நிற்கிறது என்றால், ஐந்து ஆறு கிலோ கூடி 20 கிலோ வண்டி கையில் வரும். இந்த நான்கில் கொடுக்கிற காசுக்கு லேசான வண்டி கிடைப்பது இதில்தான்.

ஆனால் மூன்று விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒன்று, முன் சக்கர மோட்டாரை, சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க் அலுமினியமாக இருந்தால் அதிலோ ஷாக் அப்சார்பர் ஃபோர்க்கிலோ மாட்டக்கூடாது. மோட்டார் அச்சைத் திருகும் விசை அந்த உலோகத்தை மெல்ல விரித்துக்கொண்டே போய் ஒரு நாள் சக்கரத்தைக் கழற்றிவிடும். பின் சக்கரத்திலும் டார்க் ஆர்ம் என்ற தாங்கு பட்டையைக் கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு, கம்பி பிரேக் உள்ள பழைய கறுப்பு சைக்கிள் வேண்டாம். ஸ்டீல் ரிம் மழையில் பிடிக்காது, 25 கிலோமீட்டர் வேகத்தில் அது ஆபத்து. மூன்று, பேட்டரியை முகம் தெரியாத பட்டறையில் கட்டிக்கொள்ளாதீர்கள். கிட் மலிவாக இருப்பதற்குக் காரணம் பல சமயம் பேட்டரியில்தான் இருக்கும். செல்களைச் சமன் செய்யும் மின்சுற்று இல்லாத, பழைய செல்களைக் கட்டிய பேட்டரி வீட்டுக்குள் வரவே கூடாது.

கிட் மாட்டியதும் பழைய சைக்கிளின் வாரண்டி போய்விடும். செயினும் பிரேக் கட்டையும் முன்பைவிடச் சீக்கிரம் தேயும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவருக்கும், நம்பிக்கையான மெக்கானிக் பக்கத்தில் இருப்பவருக்கும் இது மிகச் சரியான வழி.

## 4. லைசென்ஸ் வேண்டாத சின்ன ஸ்கூட்டர்

உட்கார்ந்து திருகினால் போகும். கால் வைக்கப் பலகை, சாமான் மாட்டக் கொக்கி, பின்னால் ஒரு ஆள். 45,000 முதல் 75,000 ரூபாய். வியர்க்காமல் ஆபீஸ் போக வேண்டும், முழங்கால் வலி இருக்கிறது, குழந்தையைப் பள்ளியில் விட வேண்டும் என்றால் சைக்கிள் எதுவும் இதற்கு ஈடாகாது.

ஆனால் லேசான வண்டி என்று மட்டும் நினைக்காதீர்கள். சட்டம் சொல்லும் 60 கிலோ பேட்டரியைச் சேர்க்காத எடை. விலை குறைந்தவற்றில் லெட் ஆசிட் பேட்டரி வரும். 60 வோல்ட்டுக்கு ஐந்து பேட்டரி, ஒவ்வொன்றும் ஆறு ஏழு கிலோ, கழற்றி மாடிக்கு எடுத்துப் போகும் விஷயமே அல்ல. தரைத்தளத்தில் உங்கள் மீட்டரில் ஒரு பிளக் பாயிண்ட் இல்லையென்றால் இதை யோசிக்கவே வேண்டாம். தினசரி ஓட்டத்தில் ஒன்று ஒன்றரை வருடத்தில் அந்த செட்டை மாற்ற நேரும். லித்தியம் என்றால் ஆரம்ப விலை கூடும், ஆனால் கழற்றி எடுத்துப் போகலாம். வழியில் சார்ஜ் தீர்ந்தால் மிதிக்கவும் முடியாது, தள்ளத்தான் வேண்டும்.

சில கடைகளில் "ஸ்பீடு லாக்கை எடுத்துத் தரேன், நாற்பது போகும்" என்பார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். 25ஐத் தாண்டிய அந்த நிமிடமே அது பதிவும் இன்ஷூரன்ஸும் லைசென்ஸும் வேண்டிய மோட்டார் வாகனம். ஒருவர் மேல் இடித்துவிட்டால் நஷ்ட ஈடு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும். வேகம் வேண்டுமென்றால் பதிவு செய்யும் ஸ்கூட்டரையே முறையாக வாங்கிவிடுவது மேல்.

## செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

280 வாட் ஹவர் பேட்டரியை முழுதாக ஏற்ற மூன்றில் ஒரு யூனிட் போதும். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்குப் பத்து காசு. ஆனால் பேட்டரி 12,000 ரூபாய், அறுநூறு முழு சார்ஜ் வரும் என்று வைத்தால், ஓடும் 16,800 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டருக்கு எழுபது காசுக்கு மேல். கரன்ட் செலவைப்போல் ஏழு மடங்கு பேட்டரித் தேய்மானம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டரில் பெட்ரோலுக்கே இரண்டேகால் ரூபாய் ஆகிறது, அதனால் அப்போதும் லாபம்தான். ஆனால் அந்த லாபம் முழுக்கப் பேட்டரியைக் காப்பாற்றுவதில் இருக்கிறது.

நம் வெயிலில் பேட்டரியைக் கொல்வது ஓட்டத்தைவிட வெப்பம். மதிய வெயிலில் வண்டியோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். வந்ததும் சூட்டோடு சார்ஜில் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். வாசலுக்குப் போகும் வழியிலோ மாடிப்படிக்கு அடியிலோ சார்ஜ் போட வேண்டாம். தீ என்று வந்தால் நாம் வெளியேறும் வழி அதுதான். ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்குவதும் வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "இதே பேட்டரி இன்னைக்குத் தனியா என்ன விலை? எழுதிக் கொடுப்பீங்களா?" தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி என்பதால் திருட்டுப் போனால் போனதுதான். பிரேம் எண்ணையும் பில்லையும் வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள். நம்பர் பிளேட் இல்லாத வண்டிக்குக் காவல் நிலையத்தில் காட்ட அது ஒன்றுதான் அடையாளம்.

| | சாதாரண மின் சைக்கிள் | மடக்கு | கிட் | சின்ன ஸ்கூட்டர் |
|---|---|---|---|---|
| விலை (சுமார், ரூபாய்) | 25,000–45,000 | 35,000–55,000 | 12,000–25,000, சைக்கிள் தனி | 45,000–75,000 |
| மொத்த எடை | 20–26 கிலோ | 20 கிலோவுக்கு மேல் | சைக்கிளோடு 5–6 கிலோ கூடும் | 60 கிலோவும் அதற்கு மேலும் |
| சார்ஜ் தீர்ந்தால் | மிதிக்கலாம் | சிரமப்பட்டு மிதிக்கலாம் | நன்றாக மிதிக்கலாம் | தள்ள வேண்டும் |
| மழைத் தண்ணீர் | பரவாயில்லை | கவனம் | வயர் இணைப்பைப் பொறுத்தது | கவனம் |
| பழுது | ஓரளவு எளிது | கீல் தனி வேலை | ஆள் தெரிந்தால் எளிது | டீலரிடம்தான் |
| இரண்டாவது ஆள் | இல்லை | இல்லை | இல்லை | உண்டு |

## கடையில் ஒரு சோதனை

ஓட்டிப் பார்க்கச் சொல்லும்போது மோட்டாரைப் போட்டுத்தான் கொடுப்பார்கள், எல்லா வண்டியும் அப்போது பறக்கும். அந்த ஓட்டம் முடிந்ததும் பவரை அணைத்துவிட்டு அதே தெருவை இன்னொரு சுற்று மிதித்து வாருங்கள். பிறகு சீட்டுக்குக் கீழே பிடித்து ஐந்து படி தூக்குங்கள். பேட்டரியை நீங்களே கழற்றி மாட்டுங்கள், சாவி சிக்குகிறதா என்று பாருங்கள். நாளைக்கு இதைத்தான் தினமும் செய்யப்போகிறீர்கள்.

சித்தி பெண்ணை முதலில் ஹவுஸ் ஓனரிடம் பேசச் சொன்னேன். மூன்று மாடிக்கு எதையும் தூக்க வேண்டாம், கீழே மாடிப்படி ஓரம் சுவரில் ஒரு இரும்பு வளையம் அடித்துக்கொள்ள அனுமதி வாங்கு, அது கிடைத்தால் பெரிய சக்கர சைக்கிள், பேட்டரி மட்டும் உன்னோடு மேலே வரட்டும் என்றேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு 280 வாட் ஹவர் தாராளம். அவள் வழியில் மழைக்கு முங்கும் சுரங்கப்பாதைகள் இருப்பதால் சின்னச் சக்கரம் வேண்டாம் என்பதையும் சொன்னேன். ஓனர் அம்மா வளையத்துக்குச் சரி சொல்லிவிட்டார்களாம், சுவரில் துளை போடும் கூலியை மட்டும் நாமே கொடுத்துவிட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை டிரில் மெஷினோடு பெரம்பூர் போகிறேன், அங்கிருந்து இரண்டு பேரும் கடைக்கு.